உள்பக்கத்தில் நாலு வரி

எழுபத்தொன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், சரக்குக் கொண்டுபோகும் பாய்மரத் தோணிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வெங்காயம், மிளகாய் வற்றல், ஓடு. எல்லாம் கொழும்புக்குப் போகும்.

காலை ஆறு மணிக்கே கடற்கரை ரோட்டு டீக்கடைக்கு வந்துவிடுவோம். மேஸ்திரி வந்து ஆள் கூப்பிட ஏழு, ஏழரை ஆகும். அதுவரை பேப்பர். கடைக்கு வருவது ஒரே ஒரு பேப்பர், இருப்பது இருபது பேர். ஒருவன் வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிக்கிறவன் நான். முதல் டீ எனக்குத்தான்.

அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டெல்லி. அடுத்து மெட்ராஸ். பிறகு வெளிநாடு. அதோடு சரி. உள்ளூர்ப் பக்கத்தைத் திருப்பினால் சத்தம் போடுவார்கள். நம்ம ஊர்ச் சேதி நமக்குத் தெரியாதாலே என்பார்கள். அந்தத் தாளைக் கடைக்கார அண்ணாச்சி உருவி, மேசைக்கு அடியில் பொட்டலம் மடிக்கிற கட்டோடு சேர்த்துவிடுவார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரை. பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பு எனக்குத் தடையில்லாமல் வரும். கீழே பொடி எழுத்தில் இருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடும். இருபது பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படிப் படிக்க முடியுமா? அதனால் தலைப்பை வாசிப்பேன். மீதியை நானே சொல்லுவேன். முந்தின நாள் ரேடியோவில் காதில் விழுந்தது, யாரோ பேசினது, எல்லாம் சேர்ந்து வரும். கண் வரியில் ஓடும். வாய் தன்பாட்டில் ஓடும். மூன்று வருஷம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த மாதம் சேதிக்குக் குறைவில்லை. எலெக்சன் முடிந்து டெல்லியில் புது மந்திரிசபை. கிழக்கு பாகிஸ்தானில் சண்டை. ஜனங்கள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏலே, இதுக்கு அமெரிக்காக்காரன் என்ன சொல்லுதான்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒன்னய ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் சொல்லுவானாம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "ரெண்டு மூடைக்கே ஒனக்கு மூச்சு வாங்குது. இதுல அமெரிக்காவ வேற தூக்கணுமாக்கும்."

எல்லாரும் சிரித்தோம். தூரத்துச் சேதி என்றால் அப்படித்தான்.

பிறகு இலங்கையில் கலவரம் என்று வந்தது. வாலிபர்கள் துப்பாக்கி எடுத்துவிட்டார்கள், ஊரடங்கு போட்டிருக்கிறது என்று தலைப்பு. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தோணிகள் கொழும்பில் நின்றன.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். அவள் புருஷன் தோணியில் வேலை பார்க்கிறவன். அவன் போன தோணிக்குக் கடைசி மூட்டையை ஏற்றியதே நான்தான். பொம்பளைகள் அந்தக் கடைக்குள் வருவதில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, கொழும்புச் சேதி எதும் போட்டிருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அந்தத் தோணி முதலாளியும் கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார். இங்கே அவர் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த வேறு இடமில்லை.

பேப்பரைப் பார்த்தேன். ஊரடங்கு நீடிப்பு என்று தலைப்பு. கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பொடி எழுத்து. அதில் தோணி என்ற வார்த்தை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தேன்.

"தூத்துக்குடித் தோணியெல்லாம் கொழும்பு ஆர்பர்ல பத்திரமாக் கட்டிக் கெடக்காம். ஆளுவளுக்கு ஒண்ணும் இல்லையாம்."

அவள் மாதாவே என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

பாவமாக இருந்தது, அதனால் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். அது மீதி.

புதன்கிழமையும் வந்தாள். அதையே கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். தோணிக்காரர்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கொடுக்கிறார்களாம் என்றேன்.

வியாழக்கிழமை அவள் அண்ணனும் கூட வந்தான். உப்பளத்தில் வேலை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் போர்ட் ஆபீஸ், தந்தி ஆபீஸ் எல்லாம் போய் விசாரிக்கப் போவதாகச் சொன்னான். நான் அன்றைக்கும் அதே மாதிரி வாசித்தேன்.

"கேட்டியாண்ணே? பேப்பர்லயே போட்டுட்டான். பெறவு எதுக்கு நீ அலையணும்? வேலைக்குப் போ" என்றாள்.

அவன் வேலைக்குப் போனான்.

சனிக்கிழமை மத்தியானம் டீக்கடைக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். அதே தோணியில் போனவர். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

கலவரம் தொடங்கியதும் சரக்கைக்கூட இறக்காமல் தோணியைத் திருப்பிவிட்டார்கள். காற்று எங்கேயோ இழுத்துக்கொண்டு போய், ராமேஸ்வரம் பக்கம் கடலுக்கடியில் இருந்த பாறையில் மோதிவிட்டது. பாய்மரம் முறிந்து அவள் புருஷன் இடுப்பில் விழுந்தது. மீன்பிடிக்கிறவர்கள் கரைசேர்த்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதலாளி ஆபீசுக்குத் தந்தி கொடுத்திருக்கிறார்கள். அது பூட்டின கதவுக்கு அடியில் கிடந்தது.

"வெள்ளி வெடியக்காலம் போயிட்டான்" என்றார். "வெயிலு. வச்சிருக்க முடியல. அங்கன உள்ள மாதா கோயில் சாமியாரப் பாத்து அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டோம். வியாழன் பூரா முழிச்சேதான் கெடந்தான். வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தான். பேப்பர்ல பேரோட போட்டிருக்கு, எப்படியும் வந்துருவாவன்னு நாங்களும் சொல்லிக்கிட்டே இருந்தோம். ஒருத்தருமா பாக்கல?"

நாலு பேர் அவரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

மேசைக்கு அடியில் இருந்த கட்டைப் பிரித்துத் தேடினேன். வியாழக்கிழமைத் தாள் கிழிபடாமல் இருந்தது. உள்பக்கம், கீழ் மூலை. நாலு வரி. அவன் பேர், அவன் அப்பா பேர், ஆஸ்பத்திரி. அந்த வியாழக்கிழமை காலையில் என் கையில் இருந்த தாள்தான் அது. தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்கு அன்றைக்குக் காலையில் பஸ் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. அண்ணன் கூட வந்தான். இந்தத் தடவை கடைக்குள்ளேயே வந்தாள். இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள்.

"வியாழக்கெழம பேப்பர் இருக்கா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டாள்.

சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பிரித்தேன்.

"வாசிங்க."

விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். தூ, த், து. நாலு வரிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. எனக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அந்தக் கடைக்குத் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கடைசி எழுத்து வரை நின்று கேட்டாள்.

பிறகு கேட்டாள். "தோணியெல்லாம் பத்திரமா இருக்குன்னு வாசிச்சியளே, அது எந்த எடத்துல இருக்கு?"

நான் தாளை மடிக்கப் போனேன்.

"சொல்லுங்க. விரல வச்சுக் காட்டுங்க."

"அது பேப்பர்ல இல்ல தங்கச்சி. நானாச் சொன்னது."

அவள் அண்ணன் என் சட்டையைப் பிடித்தான். "ஒன்ன நம்பித்தானலே நான் உப்பு வாரப் போனேன்" என்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவன் கையை எடுத்துவிட்டாள். என் கையிலிருந்த தாளை வாங்கினாள். ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் வாசலுக்குப் போனாள். அங்கே இருந்த குமாஸ்தாவிடம் தாளைக் கொடுத்து, மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

அவர் ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். இங்கே நின்ற எங்களுக்கும் கேட்டது. நான் வாசித்தது ஒரு எழுத்தும் தப்பில்லை. ஆனாலும் அவர் வாயால் கேட்ட பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் முதல் அந்தக் கடையில் நான் பேப்பரைத் தொடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வேறு ஒருவர் வாசித்தார். டெல்லி, மெட்ராஸ், வெளிநாடு முடிந்ததும், உள்பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார்கள்.

நான் தனியாக உட்கார்ந்து பொடி எழுத்துப் படிக்கப் பழகினேன். இரண்டு வருஷம் ஆயிற்று. அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் முதலில் கேட்டபோதே "எனக்குத் தெரியலையே தங்கச்சி" என்று சொல்லியிருந்தால், வாசிக்கத் தெரிந்த வேறு ஆளை அவள் தேடிப் போயிருப்பாள்; அந்த வியாழக்கிழமைப் பகலும் ராத்திரியும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கிடைத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டவன் நான் என்பதை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை.