கண்ணாடி கேட்ட சீட்டு

இதை எழுத வேண்டாம் என்றுதான் நேற்றுவரை இருந்தேன். அடுத்தவனைக் கேலி செய்ய எனக்கு அலுக்காது. என் வண்டவாளத்தை எழுதத்தான் கை வரவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் குடோனில் வேலை. நான் சரக்கு விவரம் எழுதுபவன். படிப்பு ஒன்பதாவது தாண்டவில்லை. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். என் கூட்டாளி பெரியதாழைக்காரன், சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். அவனுக்கு வாசிக்க வராது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாசலில் யோசனைப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். வேலையில் எது இடைஞ்சல், எப்படிச் சரி செய்யலாம் என்று யாரும் எழுதிப் போடலாம். திங்கட்கிழமை காலையில் மேனேஜர் எல்லார் முன்னாலும் வாசிப்பார்.

"ஏலே, நாலாம் கதவுத் திருப்பத்துல ரிவர்ஸ் எடுக்கும்போது ஆள் வாரது தெரியல. ஒரு கண்ணாடி மாட்டச் சொல்லி எழுது. பேர நானே போடுதேன்" என்றான் கூட்டாளி.

எழுதினேன்: 'நாலாம் கதவில் ஒரு கண்ணாடி வேண்டும். சீப்பும் பவுடரும் சேர்த்துத் தந்தால் நல்லது. பெண் பார்க்கப் போகிறேன்.'

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கீழே தன் பெயரை எழுதினான்.

மேனேஜர் வாசித்ததும் குடோனே சிரித்தது. "மாப்பிள்ளைக்கு ஒரு டப்பா பவுடர் போதுமாடே?" என்றார் ஓர் அண்ணாச்சி. அதிகம் சிரித்தவன் நான்தான். அவன் என்னைப் பார்த்தான். 'நான் சொன்னது இதில்லை' என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாசிக்கத் தெரியாதது வெளியே வந்துவிடும். அவனும் சிரித்தான்.

மூன்றாம் நாள் அதே திருப்பத்தில் ரிவர்ஸ் எடுத்தவன், பெருக்கிக்கொண்டிருந்த அக்காவின் பாதத்தில் ஏற்றிவிட்டான். எலும்பு முறிந்தது. மேனேஜர் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டி, "விளையாட்டுப் பய. இவனுக்கு வண்டி வேண்டாம்" என்று சாவியை வாங்கிவிட்டார்.

மறுநாள் மதியம், அவன் உப்பு மூட்டை சுமப்பதைப் பார்த்த பிறகுதான் ஆபீசுக்குள் போனேன்.

"எழுதுனது நான் சார். அவன் கேட்டது நெசமாவே கண்ணாடிதான்."

"பொறவு ஏன் அவன் அன்னைக்கே சொல்லல?"

அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

கண்ணாடி வந்தது. சாவியும் அவனிடம் திரும்பியது. அக்கா இன்னும் வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன்.

போன வாரம் அவனுக்கு இன்னொரு யோசனை தோன்றியது. நான் பேனாவை எடுத்தேன்.

"சொல்லு மாப்ள, எழுதுதேன்."

"எழுத வேண்டாம்லே, படமா வரைஞ்சு குடு."