எஸ்தரின் ஆய்வும் என் கையெழுத்தும்

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரத்திலிருந்து எஸ்தரின் தங்கை லீலா தொலைபேசியில் அழைத்தார். "அக்கா நேத்து போயிட்டாங்க சார். உங்களுக்கு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல." நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், அதன் இன்றைய இயக்குநரான நீங்கள், உடல்நிலை காரணமாக அவர் ஆராய்ச்சியை விட்டார் என்று பேசினீர்கள். அது உண்மையல்ல. அது தெரிந்த ஒருவன் என்பதால் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் தாம்பரத்துக்கு அருகே இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் நானும் எஸ்தரும் எதிரெதிர் மேசைக்காரர்கள். மரபணுவிலிருந்து செல் எடுக்கும் ஆர்.என்.ஏ. நகலில் சில துண்டுகள் வெட்டப்பட்டு, மீதி ஒட்டப்படுகின்றன. கோழியின் இதயத்தில் வைத்துக்கொள்ளப்படும் ஒரு துண்டு, அதன் இரைப்பையில் வெட்டி எறியப்படுகிறது. ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வேறு புரதங்கள். "எதை வெட்டணும்னு யாரோ முடிவு பண்றாங்க இல்ல? அந்த ஆளைத்தான் தேடறேன்" என்பார் எஸ்தர்.

அதற்காக விடிந்ததும் மார்க்கெட் கோழிக்கடையில் ஐஸ் டப்பாவுடன் நிற்பார். "இன்னாம்மா, கறிய வுட்டுட்டு இதயத்த வாங்கிகினு போற?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டபோது நானும் உடனிருந்தேன். எஸ்தர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் அறுங்க" என்றார். இனிமையானவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். "படிக்காம வந்து பேசாதீங்க சார்" என்று பலர் முன்னால் எனக்கே சொல்லியிருக்கிறார்.

அந்த ஆளை அவர் கண்டுபிடித்தார். இரைப்பைத் தசையை அரைத்தெடுத்த சாற்றில் இருந்த ஒரு புரதம், அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டது. அது பற்றிக்கொண்டால் செல் அந்தத் துண்டைத் தாண்டிப் போய்விடுகிறது என்பது அவர் முடிவு. புரதம் ஏறிய ஆர்.என்.ஏ., ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் மெதுவாக நகரும். ஜெல்லின் மேல் வைத்தெடுத்த எக்ஸ்ரே படத்தில் அதன் கோடு மேலே தெரியும். புரதத்தை இழுத்துப் பார்க்க வேறு ஆர்.என்.ஏ.வை அள்ளிப் போட்டும் பிடி விடவில்லை. இதயச் சாற்றில் அந்தக் கோடு வரவேயில்லை.

துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது தலைவர், "புரதம் எதுலயும் ஒட்டும்மா, பசை மாதிரி. கோழிக்கடைக்காரரே சொல்லியிருப்பாரே" என்றார். அறை சிரித்தது. நானும் சிரித்தேன்.

சோதனையைத் திரும்பச் செய்யும்படி தலைவர் என்னிடம் சொன்னார். ஆறு முறை செய்தேன். ஆறு முறையும் கோடு வந்தது. படங்களை நீட்டினேன். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. "உங்களை நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேசையிலதான் இருக்கு" என்றார். 'திரும்பச் செய்ததில் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். படங்களைக் குப்பையில் போட்டேன். அடுத்த மாதம் எஸ்தரின் திட்டம் நிறுத்தப்பட்டது. அவர் வண்டலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

தொண்ணூறுகளில் ஒரு வெளிநாட்டு இதழில், இதே போன்ற புரதம் இதே வேலையைச் செய்வதாகக் கட்டுரை வந்தது. நகலெடுத்துக்கொண்டு வண்டலூருக்குப் போனேன். சிறுநீர்ப் புட்டிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவர், நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார்.

"உங்களுக்கும் கோடு வந்துச்சுதானே?"

"வந்துச்சு மேடம்."

"தெரியும். அன்னிக்கே குப்பைத் தொட்டியிலேர்ந்து எடுத்துப் பார்த்தேன். உங்க ஜெல் என்னோடதவிட சுத்தமா இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கலை?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் காத்திருந்தேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வேணாம் சார். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வெளிய ஆள் நிக்கிறாங்க" என்று நகலைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாரம்தான். தினமும் மாலை பையை மாட்டிக்கொண்டு என் மேசை அருகே வந்து நிற்பார். "ஏதாவது சொல்லணுமா சார்?" என்று கேட்பார். ஆறு நாளும் கேட்டார். ஆறு நாளும் நிமிராமலே, "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.