நோவாத பல்

வீச்சுவலையில் ஈயக்குண்டு கட்டும்போது அதைப் பல்லால் கடித்துத்தான் இறுக்குவேன். எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் மீனவர் பலரும் அப்படித்தான். ஒருநாள் கடைவாயில் சடக்கென்றது. பல் வெடித்துவிட்டது. அன்றிலிருந்து இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பிறகு திடீரென்று நோ நின்றது. சுகமாகிவிட்டது என்று தோணியை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போய்விட்டேன்.

சில வாரங்களில் தாடை வீங்கியது. மனைவி விடவில்லை.

“வெளிக்கிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

பல் டொக்டர் குளிர்ந்த பஞ்சை வெடித்த பல்லில் வைத்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்துப் பல்லில் வைத்ததும் துள்ளிவிட்டேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்.

“வேர் வரைக்கும் பிளந்திட்டு. இனி அடைக்க ஏலாது, கழட்டத்தான் வேணும்.”

“நோவே இல்லையே, டொக்டர்?”

“உள்ளுக்குள்ள நரம்பு செத்துட்டு, அதுதான் நோவில்ல. கிருமி இப்ப எலும்புக்குள்ள போகுது.”

அன்றே கழற்றினார்.

இப்போது ஈயத்தை இறுக்கக் குறடு வைத்திருக்கிறேன். ஆனாலும் தோணியில் சும்மா இருக்க முடிவதில்லை. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்து ஒவ்வொரு பல்லாக அலசிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் கூசினால்தான் மனம் ஆறுகிறது.