நண்டு ஓட்டுப் பவுடரும் நாங்களும்

நண்டைத் தின்றவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் இலையோரம் ஒதுக்கிய ஓட்டைக் கழுவுவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, அதில்தான் என் காலம் போனது.

ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்தைச் சுற்றியுள்ள நண்டுக் கம்பெனிகளில் சதையைப் பிரித்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மிஞ்சிய ஓடு எங்கள் கொட்டகைக்கு வரும். வெயில் ஏறுவதற்குள் அதை ஆசிட்டில் ஊறப்போட வேண்டும். நுரை அடங்கியதும் அலசி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, மறுபடி அலசி, களத்தில் காயப்போட்டு அரைத்தால் வெளிர் மஞ்சளாக ஒரு பவுடர் கிடைக்கும். அதன் பெயர் கைட்டோசான். மருந்துக் கம்பெனிக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் போகும். கருவாட்டுக் கொட்டகை, தோல் கிடங்கு, கோழிப்பண்ணை என்று எங்கே வேலை பார்க்கிறவர்களானாலும் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். குளித்துவிட்டுக் கிளம்பினாலும் தொழில் நம் கூடவே பஸ் ஏறும்.

பின் படிக்கட்டு

எனக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். கண்மாய் அடுத்தடுத்துப் பெருகாமல் போனதால் நானும் என் மனைவி பூரணமும் கடற்கரைக்கு வந்து, உச்சிப்புளியில் வீடு பிடித்தோம். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு ராமேஸ்வரம் - ராமநாதபுரம் பஸ். அதன் கண்டக்டர் மாரிச்சாமி, தலை நிமிராமல் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே நான் ஏறியதைக் கண்டுபிடித்துவிடுவார். தேங்காய் எண்ணெய், சோப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று. அவர் மூக்குக்கு முன்னால் ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு நாள் பஸ் நிறைய வடநாட்டு யாத்திரிகர்கள். கோயில் தீர்த்தங்களில் எல்லாம் முழுகிவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏறியதும் முன்வரிசையில் ஒவ்வொருவராக முந்தானையையும் துண்டையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். மாரிச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காதோரம் சொன்னார்: "அண்ணே, பாவத்தக் கழுவிட்டு வார சனம். அவுக திரும்பவும் போய் முழுகவா? நீங்க பின் படிக்கட்டுலயே நின்னுக்கங்க."

இனிக்காத சர்க்கரை

மதுரைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காகப் பவுடர் வாங்க ஓர் அம்மா வருவார். நாங்கள் டீச்சரம்மா என்போம். என்ன கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித்தருவார். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது, மீதி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே எழுத்துக்கூட்டிப் படித்தது. பஞ்சு, காகிதம், மண்டபத்துப் பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் பாசி, எங்கள் நண்டு ஓடு எல்லாம் தூரத்துச் சொந்தம் என்றார் அவர். எல்லாமே சர்க்கரைத் துணுக்குகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீளச் சங்கிலியாம். உடம்பு இதை அந்நியமென்று விரட்டுவதில்லை. அதனால் பாசியில் எடுத்ததைப் புண்ணுக்கு மேல் விரிக்கும் பஞ்சாக ஆக்குகிறார்கள். எங்கள் ஓட்டில் எடுத்ததை ரத்தத்தை நிறுத்தும் துணியாக்குகிறார்கள். டீச்சரம்மாவோ அதைக் கண்ணுக்கே தெரியாத உருண்டைகளாக்கி, உள்ளே மருந்தை ஒளித்துவைத்து, நோய் இருக்கும் இடத்தில் போய்க் கசியவிடப் பார்க்கிறார்.

"எம்புட்டுச் சின்ன உருண்டை டீச்சர்?" என்று கேட்டார் ஜமால். சோடா கொதிக்கும் தொட்டி அவர் பொறுப்பு.

"ஒரு தலைமுடிய ஆயிரமாக் கிழிச்சா, அதுல ஒரு கீறு அகலம் இருக்கும்னு வச்சுக்கங்க."

"அப்ப களவு போனாக்கூட நமக்குத் தெரியாது," என்றார் ஜமால்.

களத்தில் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த பூரணம் அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. டீயில்கூடச் சீனி போடாதவள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்: "சேர்ற சர்க்கரை, சேராத சர்க்கரைன்னு ரெண்டு சாதி இருக்குன்னு எனக்கு எந்த டாக்டரும் சொல்லலையே டீச்சர்."

திரும்பி வந்த மூட்டை

எங்கள் பவுடர் தண்ணீரில் கரையாது. புளிப்பான திரவத்தில்தான் கரையும். ஒரு கிளாஸில் வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்க வேண்டும். வடித்த கஞ்சிபோலத் தெளிவாக நின்றால் சரக்கு தேறியது என்று அர்த்தம். அடியில் மணல்போலத் தங்கினால் வேக்காடு போதவில்லை. கலங்கலாக நின்றால் அலசியது போதவில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜமாலும் நானும் அந்தக் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

ஒரு மழைக்காலத்தில், சரியாகக் காயாத சரக்கை அனுப்பும்படி ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் புண்ணுக்கான துணி செய்யும் கம்பெனியிலிருந்து மூட்டை அப்படியே திரும்பி வந்தது. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கம்பெனிக்காரர் கோபப்படவில்லை. நாங்கள் அனுப்பும் நல்ல சரக்கையே தாங்கள் நேரே புண்ணில் வைப்பதில்லை, மறுபடி கரைத்து, வடிகட்டி, கிருமி நீக்கி, பல கட்டம் தாண்டித்தான் அது மனித உடம்பைத் தொடும் என்று விளக்கினார். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க போடற குளியல் தனிங்க. ஆனா இந்த மூட்டை இன்னும் கடல விட்டே கரையேறலீங்க."

எவர்சில்வர் டம்ளர்

பவுடரை நிறுத்துக் கட்டும் மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். மேசையில் சிந்தியதைக் கூட்டி அதில் போட்டுவைப்பார்கள். நண்டு ஓடு பொல்லாதது. காய்ந்துவிட்டால் விளிம்பெல்லாம் பிளேடு. விரலைக் கிழித்துக்கொள்ளும் பெண்கள் அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை எடுத்து அப்புவார்கள். ரத்தம் நிற்கத்தான் செய்யும். யார் தொடங்கிவைத்ததென்று தெரியாது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த வழக்கம் இருந்தது. நானும் அப்பியிருக்கிறேன்.

டீச்சரம்மா ஒருமுறை அதைப் பார்த்துப் பதறிவிட்டார். இதில் சோடாவின் காரம் மிச்சம் இருக்கலாம், களத்துத் தூசியும் காக்கை எச்சமும் இருக்கலாம், ரத்தம் நிற்பது வேறு புண் ஆறுவது வேறு என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். நான் அன்றே டம்ளரை எடுத்து ஒளித்துவைத்தேன். இரண்டொரு நாளில் அது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் முளைத்துவிட்டது. பூரணத்தின் வேலைதான் என்று தெரியும். வீட்டில் கேட்டதற்கு அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "ஊர் பூரா ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம். நம்ம கைக்கு மட்டும் ஆகாதாக்கும்."

பூரணத்தின் குதிகால்

சர்க்கரை வியாதியில் அவளுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. செருப்பு நழுவினால்கூடத் தெரியாமல் நடப்பாள். அப்படித்தான் ஒரு நாள் களத்தில் உடைந்த நண்டுக் கொடுக்கு ஒன்று குதிகாலில் ஏறியிருக்கிறது. தார்ப்பாயில் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்துப் பின்னால் வந்த பெண் சத்தம் போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வலிக்காத புண்ணுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? டம்ளரில் அள்ளி அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். தினமும் புதிதாகக் கொஞ்சம் அப்பினாள். புண்ணின் மேல் முட்டை ஓடுபோல வெள்ளையாக ஒரு பக்கு கட்டியது. எனக்குக் காட்டினாள். காய்ந்து வருகிறதென்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஓட்டுக்குக் கீழே என்ன நடக்கிறதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வேறு ஒரு வீடாக இருந்தால் மூக்கு சொல்லியிருக்கும். எங்கள் வீட்டில் பாயும் தலையணையும் கொடியில் கிடக்கும் சேலையும் எப்போதும் நண்டு நாற்றம். அதற்குள் இன்னொரு நாற்றம் வந்து குடியேறியது எங்களுக்குத் தெரியவில்லை. தேவிபட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக இருவரும் பஸ் ஏறினோம். பூரணம் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். மாரிச்சாமி டிக்கெட் கொடுத்துவிட்டு முன்னால் போனார். நின்றார். திரும்பி வந்து எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, ஒங்க வாடை எனக்குத் தெரியும். இது நண்டு இல்லண்ணே."

உறைக்குள் இருந்தது

காதுகுத்துக்குப் போகவில்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அன்றே மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே பாதத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. எலும்பு வரை போய்விட்டது என்றார் டாக்டர். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த இடமும் லேசில் ஆறவில்லை. ஒரு நாள் நர்ஸம்மா வெள்ளி நிற உறையைக் கிழித்து, வெள்ளைப் பஞ்சுத் தகடுபோல ஒன்றை எடுத்துப் புண்ணின் மேல் வைத்தார். கிழித்துப் போட்ட உறையை நான் பொறுக்கிப் பார்த்தேன். என் வாழ்நாளில் மூட்டை மூட்டையாக எழுதி ஒட்டிய பெயர் அதில் சின்ன எழுத்தில் இருந்தது. பூரணத்திடம் காட்டினேன்.

"இதத்தான நானும் வச்சேன்?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் விவரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாமான் அதேதாம்மா. ஆனா இது புண்ணுக்குன்னே சுத்தம் பண்ணுனது," என்றார் அவர்.

கோயம்புத்தூர்க்காரர் சொன்ன குளியல் கதையை நான் வீட்டில் சொல்லியிருந்தேன். அது அவளுக்கு நினைவிருந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "ஆளு சரியான ஆளுதான். குளிப்பாட்டாமக் கூட்டியாந்துட்டேன்."

டம்ளர் மறுபடியும்

பூரணம் வீட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை. ஜமால் ஒரு நாற்காலிக்குச் சக்கரம் பொருத்திக் கொடுத்தார். அதில் உட்கார்ந்தபடி களத்தை மேய்த்தாள். டம்ளர் மறுபடி மேசைக்கு வந்தது. ஆனால் பவுடர் இல்லை. பிளாஸ்திரியும் மருந்துக் குப்பியும் வைத்திருந்தாள். ஓடு கிழித்ததென்று யார் வந்தாலும் பைப்பைத் திறந்து கழுவச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்ப்பாள். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருத்தியும் செருப்பைக் கழற்றி உள்ளங்காலை அவளிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, "இது சும்மா கீறல்தான் மதினி, ஒரு வாடையும் இல்லையே," என்று காலை இழுத்துக்கொண்டாள். பூரணம் விடவில்லை. அவள் பாதத்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏத்தா, இங்கன வேல பாக்குறவ எவளும் தன் மூக்க நம்பக் கூடாது. அடுத்த வீட்டு மூக்கத்தான் நம்பணும்."

ஜன்னலோர இருக்கை

அவள் இருதயம் நின்றுபோய் இறந்தாள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம். அதற்குப் பிறகு கொட்டகைக்குப் போக மனமில்லை. தொட்டியையும் கிளாஸையும் ஜமால் பார்த்துக்கொள்கிறார். டீச்சரம்மாவின் உருண்டைகள் இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. அவசரப்பட வேண்டாம், எல்லாக் குளியலையும் போட்டுக் கூட்டி வாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பழக்கத்தில் பின் படிக்கட்டிலேயே நின்றேன். ராமேஸ்வரத்திலிருந்து வரும் கூட்டம்தான். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மாரிச்சாமி டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர், என் சட்டையில் மோதின பிறகுதான் ஆளைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கையைப் பிடித்து முன்வரிசையில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ஏறுனதே தெரியலண்ணே."

ஓட்டிலிருந்து நாற்றத்தைப் போக்குவதற்காகவே வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட எனக்கு, அது சுத்தமாகப் போய்விட்ட வீட்டில் கதவைத் திறந்ததும் இப்போது வேறெதையும்விட அதைத்தான் மூக்கு தேடுகிறது.