இரண்டாவது கையெழுத்து

சனிக்கிழமை காலை அப்பாவும் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சாசேஜ் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தார்கள். படித்தவள் மகள், மின்பொறியாளர். அப்பா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் வேலை. பாதியில் விட்டு இறங்கிச் சாப்பிட முடியாது. ரொட்டிக்குள் இரண்டு சாசேஜ் வைத்து, கிரீஸ் படாமல் காகிதத்தோடு பிடித்துக் கடிப்பார். வேலை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. "உங்கப்பாவுக்கு நாக்கு நாலு முழம்" என்பாள் அம்மா.

சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது, பதப்படுத்திய இறைச்சியில் உப்பு அதிகம், தொடவே கூடாது என்றார் டாக்டர்; சேரக்கூடாதவற்றின் சீட்டு ஒன்றையும் அப்பா கையில் கொடுத்தார். ஆறு மாதம் அப்பா தொடவில்லை. வெறும் ரொட்டியை அவர் மென்றுகொண்டிருப்பதைப் பார்க்க மகளுக்குப் பொறுக்கவில்லை. 'உப்பு பாதி' என்று போட்டிருந்த பொட்டலங்கள் கண்ணில் பட்டதும் மூன்று வாங்கி வந்துவிட்டாள்.

"வாரத்துக்கு ஒண்ணு சாப்பிடலாம்பா. நான் பாத்துட்டேன்."

"ஒண்ணா? பல்லு இடுக்குக்கே பத்தாதேம்மா. சரி பாப்பா, நீ பாத்துட்டே. ரெண்டாவது கையெழுத்து யாரு?"

அது அவர் தொழில் வழக்கம். பிரேக்கைப் பூட்டியவன் மட்டும் சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டால் போதாது. இன்னொருவன் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டும். பூட்டியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பார்.

"இது லிஃப்ட் இல்லப்பா." அவருடைய நீலப் பென்சிலை வாங்கி, விளையாட்டாகப் பொட்டலத்தின் மேல் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுத் தன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை மதியம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்துத்தான் மகளுக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. உப்பைக் குறைக்கும்போது சில பொட்டலங்களில் ஈடாகப் பொட்டாசியம் உப்பைச் சேர்ப்பார்கள். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ரத்தத்தில் ஏறினால் இதயத்தை நிறுத்தும். அவள் சோடியத்தை மட்டும் பார்த்திருந்தாள்.

டாக்டரைக் கேட்டாள். அப்பாவுக்கு இதயம் முன்பே பலவீனம், எதனால் என்று சொல்ல முடியாது என்றார். எத்தனை சாப்பிட்டார் என்று அம்மாவைக் கேட்டாள். அவரே எடுத்து அவரே வைப்பார், நான் பார்க்கவில்லை என்றாள் அம்மா.

அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

கீழ்த் தட்டில் மூன்று பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒன்றின் மேல் அவள் கையெழுத்து. அதற்குக் கீழே காலி இடம். திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில் 'பொட்டாசியம் குளோரைடு' என்ற சொல்லைச் சுற்றி நீலப் பென்சிலில் ஒரு வட்டம். மூன்றையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, கடை ரசீதை அதில் செருகியிருந்தார். அதன் பின்னால் அவர் கையெழுத்தில் இரண்டு வரி:

'வெள்ளிக்கிழமை கடையில் திருப்பிக் கொடுக்கணும். பாப்பாகிட்ட சொல்ல வேண்டாம்.'