வடக்குப் பார்த்த மோட்டர்

நீர்வேலியில் வீட்டு வளவுக்குள் நீச்சல் தொட்டி வைத்திருந்தவர் என் சின்னம்மா மகாதேவி ஒருவர்தான். அவருக்கு நீந்தத் தெரியாது. அவருக்குத் துணை என்று உடுவிலிலிருந்து என்னை அனுப்பினார்கள். எனக்கும் நீந்தத் தெரியாது. ஒருவர் வழுக்கி விழுந்தால் மற்றவர் கூப்பாடு போடவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. என் குரலை ஒருமுறையாவது கேட்டவர்கள் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து, இரண்டிலும் வாய் திறக்காமல் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். வீட்டில் அதை அடக்கம் என்று சொல்லி வந்தார்கள். நானும் மறுக்கவில்லை, மறுப்பதற்கும் வாய் திறக்கவேண்டுமே.

சின்னம்மா அப்படியல்ல. ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். அளவெடுக்க ஒவ்வொரு வீடாக நடந்து போவார். அளவோடு அந்த வீட்டுச் செய்தியையும் எடுத்து வருவார். 1976இல் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்க ஒரு காலை வைத்தபோது பஸ் புறப்பட்டுவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, இரண்டு ஊன்றுகோல்களுடன் வீடு வந்தார். தரையில் நடந்தால் இடுப்பு தாங்காது, நெஞ்சளவு தண்ணீரில் தினமும் நடந்தால் கால் மெல்லத் திரும்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நெஞ்சளவு தண்ணீருக்காகச் சித்தப்பா தம்பிராசா அவரை முதலில் தொண்டைமானாற்றுக்குக் கூட்டிப் போனார். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்துச் சந்நிதிக் கோயிலுக்கு வந்த சனம் இது ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துச் சின்னம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. அவரும் பாவம் என்று இரண்டு பேருக்கு ஆசீர்வாதம் கொடுத்தாராம். அதோடு அந்தப் பயணம் நின்றது.

பிறகுதான் சித்தப்பா கிணற்றடியில் தொட்டி கட்டினார். எங்கள் பக்கம் ஒரு முழம் வெட்டினாலே கல் இடிக்கும். அதனால் தொட்டி நிலத்துக்கு மேலே, ஆளுயர மதிலோடு எழும்பியது. சின்னம்மா ஏறி இறங்க உள்ளும் புறமும் சாய்வு வைத்து மேசன் கட்டிக் கொடுத்தார். அடியில் ஒரு துவாரம். காலையில் சின்னம்மா நடப்பார். நடந்து முடிந்ததும் துவாரத்தின் அடைப்பைக் கழற்றிவிட்டால் தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைத் தோட்டத்துக்குப் போகும். ஒரு சொட்டும் வீணில்லை. சின்னம்மா தான் தொட்டியில் நடப்பதைப் பற்றி எவரும் சிரிக்குமுன் தானே சிரித்துவிடுவார். "ஆருக்கும் இப்பிடி வாய்க்காது. எருமைக்கெண்டு சீமெந்திலை மடு கட்டின மனுசன் இவர்" என்பார்.

ஆனால் கிணறு பங்குக் கிணறு. பாதிப் பங்கு சித்தப்பாவின் தமையனார் ஏரம்புவுக்கு. அவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், அதாவது கூப்பிட வேண்டி வந்தால். இருவருக்கும் பொதுவாக ஒரு பம்பு, அதை வார், அதாவது பெல்ட், போட்டுச் சுற்ற ஒரு மோட்டர். தண்ணீர் இறைக்கும் நாட்கள் முறை வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தன. தன் முறையிலும் தண்ணீர் முதலில் தம்பி பெண்சாதியின் தொட்டிக்குப் போய், அவர் நடந்த பிறகுதான் தன் வாழைக்கு வருகிறது என்பது பெரியப்பாவுக்குப் பெரிய கொதி. தொட்டியால் தன் வாழைக்கு ஒருநாள் கேடு வந்தால் மதிலை உடைப்பேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியும் வைத்திருந்தார். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை அவர் விழுங்கியதாக ஊரில் சரித்திரம் இல்லை.

1979 ஆடியில், வெயில் உச்சத்தில், மோட்டர் எரிந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெட்டவேண்டிய குலைகளோடு வாழைகள் நின்றன. இலைகள் நடுநரம்பில் மடிந்து தொங்கத் தொடங்கின. பெரியப்பா தீர்ப்பை உடனே சொல்லிவிட்டார்: இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றச் சொன்னால் எந்த மோட்டர்தான் எரியாது? குழாயை நேரே வாய்க்காலில் விட்டிருந்தால் இந்தக் கதி வராது. சித்தப்பா மன்றாடி ஒரு தவணை வாங்கினார். புது மோட்டர் வாங்குவது. அதுவும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றாவிட்டால் அன்றைக்கே மதிலை உடைப்பது.

அந்த நாட்களில் சின்னம்மாவின் கால் மறுபடி இறுகிவிட்டது. ஒற்றை ஊன்றுகோலுக்கு வந்திருந்தவர் மீண்டும் இரண்டு பிடித்தார். அடுப்படிக்குப் போக இடையில் கதிரை போட்டு இளைப்பாறினார். கேட்டால், ரயில் என்றால் ஒவ்வொரு ஸ்ரேசனிலும் நிற்கத்தான் வேண்டும் என்றார். ஆனால் பகலில் பலமுறை வெற்றுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் அப்போது ஜப்பான் மோட்டர்கள் வந்திறங்கிக்கொண்டிருந்த காலம். சித்தப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் ஒரு விளக்கப் புத்தகம் இருந்தது. வீடு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு மொழி படிப்பித்ததன் பலனை அறுவடை செய்யும் நேரம். திறந்தேன். அட்டை முதல் அட்டை வரை ஜப்பான் மொழி. சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாரும் அவ்வளவு நம்பிக்கையோடு நின்றார்கள்; நான் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, படங்களைக் கவனமாகப் பார்த்து, "சரி" என்றேன். என்ன சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பழைய மோட்டர் இருந்த இடத்தில் புதியதை அப்படியே வைத்திருந்தால் கதை இல்லை. பெரியப்பா வந்து பழைய மோட்டரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அதன் சில்லு, அதாவது வார் மாட்டும் பக்கம், தெற்கே பார்த்திருந்தது.

"எடேய் தம்பிராசா, இது தெற்குப் பாத்தெல்லோ கிடக்கு" என்றார். "யமன்ரை திசையைப் பாத்து இவ்வளவு காலமும் ஓடியிருக்கு. எரியாமல் என்ன செய்யும்? உவள் பஸ்ஸாலை விழுந்ததுக்கும் இதுதான் காரணம்."

"அண்ணை, பஸ் வடக்கை போனது" என்றார் சித்தப்பா.

பெரியப்பா அதைக் கேட்காத மாதிரி இருந்தார். எங்களில் ஒருவருக்கும் எதிர்த்துப் பேசும் எண்ணமும் இருக்கவில்லை. வீட்டு வாசல், அடுப்பு, படுக்கை எல்லாவற்றுக்கும் திசை பார்க்கிற நாங்கள் மோட்டருக்குப் பார்க்காமல் விட்டது தவறு என்றே நினைத்தோம். மோட்டருக்கு முகம் எது என்பதில்தான் சிறிது வாக்குவாதம் நடந்தது. பெயர்த்தகடு இருக்கும் பக்கம் முகம் என்றார் சித்தப்பா. வேலை செய்கிற பக்கம்தான் முகம் என்று பெரியப்பா முடித்தார். ஆகவே மோட்டரை முன்பின்னாகத் திருப்பி, சில்லு வடக்கே பார்க்க, பம்பின் சில்லுக்கு நேராக வரும்படி மறுபக்கத்தில் புதிதாகச் சீமெந்துப் படுக்கை போட்டு, ஆணிகளைப் பதித்து இறுக்கினார்கள்.

பெரியப்பாவின் முறை நாளிலேயே நல்ல நேரம் வந்தது. மோட்டருக்குச் சந்தனமும் பொட்டும் வைத்தோம். தேங்காய் நேராக இரண்டாகப் பிளந்தது. கற்பூரத் தட்டைப் பிடித்தபடி நான் நின்றேன். சித்தப்பா பம்பில் தண்ணீர் ஊற்றிச் சுவிச்சைப் போட்டார். மோட்டர் தும்மாமல் சுற்றியது. எல்லாரும் தொட்டியின் மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயைப் பார்த்தோம்.

ஒன்றும் வரவில்லை. குழாய்க்குள் ஏதோ கொப்புளித்தது, அவ்வளவுதான். நிறுத்தி மீண்டும் போட்டார்கள். கிணற்றுக்குள் இறங்கி அடி வால்வைப் பார்த்தார்கள். குழாய்கள் பொருந்தும் பூட்டுகளுக்குச் சணல் சுற்றினார்கள். கண்ணூறு என்று சின்னம்மா மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தார். புகையில் எல்லாரும் இருமினோம், மோட்டர் மட்டும் இருமவில்லை. கடைசியில் பெரியப்பா மேலே போகும் குழாயைக் கழற்றி, கீழேயே வாய்க்காலில் விட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கே விரல் தடிப்பில் தண்ணீர் வந்தது.

"கண்டியோ" என்றார். "நிலத்திலை வருகுது. மேலை ஏறுதில்லை. பிழை மோட்டரிலை இல்லை, தொட்டியிலை."

வீட்டுக்குப் போனவர் மதிலை உடைக்கக் கடப்பாரை மாதிரி ஒரு அலவாங்கோடு வந்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சின்னம்மா கதிரையில் இருந்தபடி பெரியப்பாவைப் பார்த்து, "அத்தான், சாய்வுப் பக்கத்தை விட்டு உடையுங்கோ. ஏறியிருந்து வாழையையாவது பாப்பன்" என்றார். பகிடிபோலத்தான் சொன்னார். ஆனால் ஊன்றுகோல்கள் இரண்டையும் மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தார்.

அப்போது நான் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில்லாமல் இரண்டு வருடம் கிணற்றடியில் இருந்தவளுக்கு வேறு என்ன படிப்பு வரும்? வாரின் இரு நுனிகளையும் இணைக்கும் இரும்புக் கொளுவி முன்பெல்லாம் பம்பின் சில்லுக்கு மேலாக ஏறிக் கிணற்றுப் பக்கம் விழும். இப்போது வீட்டுப் பக்கம் விழுந்தது. மணிக்கூட்டை முன்னிருந்து பார்த்தால் முள் வலமாகப் போகும்; பின்னாலிருந்து பார்க்க முடிந்தால் இடமாகப் போகும். முகத்தை வடக்கே திருப்பிய நாங்கள் மோட்டரின் முதுகுப் பக்கம் போய்விட்டோம். பம்பு பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். மோட்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். சித்தப்பா என்னைப் பார்த்து, கற்பூரத் தட்டை வைத்துவிட்டுப் போகலாம் என்று சைகை காட்டினார். பெரியப்பா அலவாங்கை ஓங்கினார். வேறு வழி தெரியாமல் ஓடிப்போய்ச் சுவிச்சை நிறுத்தினேன். சட்டென்று ஊரே அமைதியானது. எல்லாரும் திரும்பினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கூட்டம் என் பேச்சுக்காகக் காத்திருந்தது.

"பம்பு பின்னுக்குச் சுத்துது" என்றேன். "மோட்டரைத் திருப்பினதாலை."

பெரியப்பா வந்து பார்த்தார். மோட்டரைப் போட்டு, நிறுத்தி, மீண்டும் போட்டுப் பார்த்தார். பிறகு, "அதுக்காகத் தெற்குப் பாத்து வைக்க ஏலாது" என்றார். சீமெந்து இறுகிவிட்டது, அதோடு அவரும் இறுகிவிட்டார். மோட்டரைப் பழையபடி திருப்பினால் இனி இந்தக் கிணற்றில் கை நனைக்க மாட்டேன் என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன், பரிகாரம் தெரியாது. அரைகுறையாகப் பேசுவதைவிடப் பழைய மௌனமே மேலாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

சின்னம்மாதான் கதிரையிலிருந்து கேட்டார்.

"அத்தான், மோட்டர் வடக்கைப் பாத்தபடி கிடந்தால் காணும்தானே?"

"ஓம்."

"அப்ப வாரை எட்டுப் போட்டு மாட்டச் சொல்லுங்கோ. தையல் மெசின் வாரை நான் பழகேக்கை ஒருக்கா முறுக்கி மாட்டிப்போட்டன். மெசின் பின்னுக்குச் சுத்தி நூலாய் அறுத்துத் தள்ளிச்சுது. வார் முறுகினது தெரியாமல், கூடாத நூலைத் தந்தவனெண்டு கடைக்காரனோடை போய்ச் சண்டையும் பிடிச்சனான். முன்னுக்குச் சுத்திறதைப் பின்னுக்குச் சுத்த வைக்குமெண்டால், பின்னுக்குச் சுத்திறதை முன்னுக்கும் சுத்த வைக்கும்தானே."

சித்தப்பா ஆணிகளைத் தளர்த்தி, மோட்டரைத் துளைகள் இடம் கொடுத்த அளவுக்குச் சற்று நெருக்கி, வாரை நடுவில் ஒருமுறை முறுக்கி, எட்டுப்போல மாட்டினார். மேலே போகும் குழாயை மீண்டும் பூட்டினார். இம்முறை நல்ல நேரம் எவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இராகு காலமாக இருந்திருக்கும். சுவிச்சைப் போட்டதும் வார் குறுக்கே உரசி ஒரு மணம் வந்தது. பிறகு குழாய் இருமி, காறி, ஒரு பாளை தடிப்பில் தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டியது.

துவாரம் திறந்தே இருந்தது. விழுந்த தண்ணீர் தொட்டியின் தரையில் ஓடி அப்படியே வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று பெரியப்பாவின் முறை. வாழை காய்ந்து நின்றது. அதை அடைக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சின்னம்மா மதிலைப் பிடித்து எழும்பி, வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

பெரியப்பா வாய்க்கால் வரைக்கும் போனார். தண்ணீர் தன் முதல் வாழையைத் தொட்டதைப் பார்த்தார். திரும்பி வந்து, சின்னம்மாவையும் பார்த்தார். பிறகு கீழே கிடந்த அடைப்புக் கட்டையை எடுத்துத் துவாரத்தில் வைத்து, அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வடக்குப் பாத்த மோட்டரின்ரை முதல் தண்ணி" என்றார், ஒருவரையும் பார்க்காமல். "அதை வாழைக்கு விடக்கூடாது."

"அது எந்தச் சாஸ்திரத்திலை கிடக்கு, அத்தான்?" என்று சின்னம்மா கேட்டார்.

"இண்டையிலையிருந்து கிடக்கு. நீ இறங்கு."

ஆண்கள் இருவரும் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்கள். தண்ணீர் இடுப்புக்கு வருமுன்பே சின்னம்மா சாய்வில் இறங்கினார். காத்திருக்க அவரால் முடியவில்லை. பின்னால் நானும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் ஏற ஏற ஒரு ஊன்றுகோலை என்னிடம் நீட்டினார். சிறிது தூரம் போய் மற்றதையும் நீட்டினார். நான் இரண்டையும் வாங்கி, வழுக்கிய தரையில் விழாமலிருக்க இரண்டையும் ஊன்றிக்கொண்டு நடுத்தொட்டியில் நின்றேன்.

சின்னம்மா எதிர் மதில்வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப ஆராவது வந்து பாத்தால், இடுப்பு முறிஞ்சது உனக்கெண்டுதான் நினைப்பினம்" என்றார். என்னைச் சுற்றிக்கொண்டு மறுபடி நடந்தார்.