நாக்கின் அடியில் ஒரு மரு

பிரிக்ஃபீல்ட்ஸில் பல்லைக் காட்டப் போனபோது, என் நாக்கின் அடியில் சிறு மரு இருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு கேட்க மனைவியும் வந்தாள்.

"கேன்சர் இல்ல அங்கிள். எச்பிவி வைரஸால வந்த சாதாரண மருதான். முத்தத்துலகூட பரவலாம். யார்கிட்ட இருந்து, எப்போ வந்துச்சுன்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

காரில் கிள்ளானுக்குத் திரும்பும்போது மனைவி ரிப்போர்ட்டை மறுபடியும் எடுத்துப் படித்தாள். நான் தப்பு எதுவும் செய்யாதவன். அதை எப்படிச் சொல்வது என்று ஷா ஆலம் வரை யோசித்தேன்.

கிள்ளான் நெருங்கும்போது அவளே கேட்டாள்: "என்கிட்ட இருந்து வந்திருக்குமோ? நானும் டெஸ்ட் எடுக்கணும்லா."

எடுத்தாள். கர்ப்பப்பை வாயில் வைரஸ் இல்லை என்று வந்தது; வாய்க்குள் இருந்ததா என்று அந்த டெஸ்ட் சொல்லாது. பிறகு எனக்கு எங்கிருந்துதான் வந்தது என்று அவள் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாள்.